உந்தமும் இயக்கப்பாட்டுச் சக்தியும்: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ-9 றோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். உந்தம் முடிந்து வேலை, சக்தி, வலு தொடங்குகிற கிழமை வந்துவிட்டால் ஆண்டுதோறும் இதே கேள்விகள்தான். பின்வாங்கில் இருக்கும் பிள்ளை வகுப்புக்குள் கேட்கக் கூச்சப்பட்டு, முடிந்தபிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பதும் இதைத்தான். எழுதி வைத்தால் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று பட்டது. கணக்கில் வரும் எண்கள் இலகுவாகச் சுருங்கும்படி நான் எடுத்துக்கொண்டவை.

உந்தத்திலும் திணிவு, வேகம். இயக்கப்பாட்டுச் சக்தியிலும் அதே திணிவு, அதே வேகம். பிறகு எதற்கு சேர் ரெண்டு?

உந்தம் = திணிவு × வேகம். இயக்கப்பாட்டுச் சக்தி = ½ × திணிவு × வேகம்². பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஓடுகிற ஒன்றை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பின்னேரம் ஒட்டுசுட்டான் றோட்டைக் கடக்கிற யானை ஒன்றை எடுங்கள். 3000 கிலோகிராம், செக்கனுக்கு 1.5 மீற்றர் நடை. அதன் உந்தம் 4500 கிலோகிராம் மீற்றர்/செக்கன். இப்போது ஒரு மோட்டார் சைக்கிள். ஓடுகிறவரோடு சேர்த்து 200 கிலோகிராம், செக்கனுக்கு 22.5 மீற்றர், அதாவது மணிக்கு 81 கிலோமீற்றர். அதற்கும் உந்தம் 4500தான். யானைக்கு எவ்வளவோ, அவ்வளவே.

சக்தியைப் பாருங்கள். யானைக்கு 3375 யூல். மோட்டார் சைக்கிளுக்கு 50,625 யூல். பதினைந்து மடங்கு.

இரண்டையும் ஒரே 500 நியூற்றன் விசையால் எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்துகிறோம் என்று வையுங்கள். (50 கிலோ நெல் மூட்டையைத் தூக்குகிற அளவு விசை அது. யானையிடம் போய்ப் பரிசோதிக்க வேண்டாம்.) விசை × நேரம் உந்தத்தைக் குறைக்கும். 4500 ஐ 500 ஆல் பிரித்தால் 9 செக்கன். யானையும் 9 செக்கனில் நிற்கும், மோட்டார் சைக்கிளும் 9 செக்கனில் நிற்கும். ஆனால் விசை × தூரம் சக்தியைக் குறைக்கும். யானை 6.75 மீற்றரில் நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் 101 மீற்றர் போய்த்தான் நிற்கும்.

ஒன்றை நிறுத்த எவ்வளவு நேரம் தள்ள வேண்டும் என்று கேட்டால் பதில் உந்தத்தில் இருக்கிறது. எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்று கேட்டால் இயக்கப்பாட்டுச் சக்தியில் இருக்கிறது. கீழே வருகிற எல்லாப் பதிலையும் இந்த ஒன்றிலிருந்தே எடுக்கலாம்.

ஒன்று தெரிந்தால் மற்றதைக் கண்டுபிடிக்கலாமா?

திணிவும் தெரிந்தால் கண்டுபிடிக்கலாம். உந்தத்தை வர்க்கித்து, திணிவின் இரு மடங்கால் பிரியுங்கள்:

இயக்கப்பாட்டுச் சக்தி = உந்தம்² ÷ (2 × திணிவு)

பல்தேர்வு வினாத்தாளில் 50 கேள்விக்கு இரண்டே மணித்தியாலம். வேகத்தைக் கண்டுபிடித்து, பிறகு வர்க்கித்து என்று சுற்றுகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கைவசம் வைத்திருந்தால் நேரம் மிச்சம். உந்தம் சமமாக இருந்தால் திணிவு குறைந்ததற்குத்தான் சக்தி கூட. யானையின் திணிவு 15 மடங்கு, மோட்டார் சைக்கிளின் சக்தி 15 மடங்கு. மேலே வந்த பதினைந்து அங்கிருந்து வந்ததுதான்.

அந்த ½ எங்கிருந்து வருகிறது?

ஓய்விலிருந்து ஒரு மாறா விசையால் ஒன்றைத் தள்ளுகிறீர்கள். வேகம் 0 இலிருந்து ஒரே சீராக ஏறுகிறது. அப்படியென்றால் சராசரி வேகம், கடைசி வேகத்தின் பாதி. போன தூரம் = பாதி வேகம் × நேரம். செய்த வேலை = விசை × தூரம் = விசை × நேரம் × பாதி வேகம். விசை × நேரம் என்பது உந்தம். ஆகவே சக்தி = உந்தம் × பாதி வேகம். அவ்வளவுதான், ½ வந்துவிட்டது.

இணைந்த கணிதம் செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு சின்ன மேலதிகம்: இயக்கப்பாட்டுச் சக்தியை உந்தம் குறித்து வகையிட்டால் வேகம் வரும். நீங்கள் எவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்களோ, அடுத்த ஒரு துளி உந்தத்துக்கு அவ்வளவு கூடுதலாகச் சக்தி கொடுக்க வேண்டும்.

சக்தி சமம் என்றால் யாருக்கு உந்தம் கூட?

பாரமானதுக்கு. 160 கிராம் கிரிக்கெட் பந்து செக்கனுக்கு 30 மீற்றரில் வருகிறது: 72 யூல், உந்தம் 4.8. ஆவணி மாதம் 1.6 கிலோ பனம்பழம் நாலரை மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது: புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் அதற்கும் 72 யூல்தான், ஆனால் உந்தம் 15.2. திணிவு பத்து மடங்கு, உந்தம் √10 மடங்கு. பழத்துக்கு அடியில் நிற்கலாமா, பந்துக்கு முன்னால் நிற்கலாமா என்று கேட்டால், இரண்டும் வேண்டாம்.

மோட்டார் சைக்கிளில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் நிற்கும் தூரமும் இரண்டு மடங்குதானே?

நேரம்தான் இரண்டு மடங்கு. தூரம் நாலு மடங்கு. இதை மட்டும் பரீட்சைக்காகப் படிக்காதீர்கள்.

ஏ-9 இல் இரவில் கட்டாக்காலி மாடுகள் தார் றோட்டின் சூட்டுக்கு வந்து படுத்திருப்பது எல்லாருக்கும் தெரியும். உங்கள் வெளிச்சத்தில் மாடு தெரிகிறது, பிரேக்கை அழுத்துகிறீர்கள். நல்ல ரயர், காய்ந்த றோட்டு, அமர்முடுகல் (வேகம் குறையும் வீதம்) செக்கனுக்குச் செக்கன் 6 மீற்றர் என்று வைப்போம். மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்தால் 1.9 செக்கன், 10 மீற்றர். மணிக்கு 80 இல் வந்தால் 3.7 செக்கன், 41 மீற்றர்.

இதில் கண் கண்டு கை அழுத்துவதற்குள் போகிற தூரம் சேரவில்லை. அதற்கு ஒரு செக்கன் எடுத்தால் 40 இல் 11 மீற்றர், 80 இல் 22 மீற்றர். மொத்தம் 21 எதிர் 63. மாடு 50 மீற்றரில் படுத்திருந்தால் ஒருவர் இறங்கி அதை விரட்டிவிட்டுப் போவார். மற்றவர் இன்னும் கணிசமான வேகத்தோடு அதன்மேல் ஏறுவார்.

கணிசம் என்றால் எவ்வளவு? 80 இல் வந்தவருக்குப் பிரேக் பிடிக்க மிஞ்சுவது 28 மீற்றர். வேகத்தின் வர்க்கத்திலிருந்து 2 × 6 × 28 ஐக் கழித்துப் பாருங்கள். மணிக்கு 45 கிலோமீற்றர் போல வரும். மூன்றில் இரண்டு பங்கு தூரம் பிரேக் பிடித்தும் பாதி வேகத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. "கிட்டத்தட்ட நிறுத்திட்டன் சேர்" என்று கையில் கட்டுப்போட்டு வகுப்புக்கு வந்த பொடியன் ஒருவனுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் அவனைக் கொண்டே செய்வித்தேன். பிரேக் சக்தியை ஒவ்வொரு மீற்றருக்கும் சமமாகத் தின்கிறது. வேகத்தைச் சமமாகத் தின்பதில்லை. முன் மீற்றர்களில் வேகம் கொஞ்சம்தான் இறங்கும், கடைசி மீற்றர்களில்தான் சடாரென்று இறங்கும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் பஸ் நிற்கிறது. அதுவரை இருந்த உந்தமும் சக்தியும் எங்கே போயிற்று?

எனக்குப் பிடித்த கேள்வி. இரண்டும் வேறு வேறு இடத்துக்குப் போகின்றன.

10,000 கிலோகிராம் பஸ், செக்கனுக்கு 20 மீற்றர். சக்தி 20 இலட்சம் யூல். பிள்ளையாருக்கு முன்னால் நிற்கும்போது கிட்டத்தட்ட முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிறது. இறங்கிக் கச்சான் வாங்கப் போகிறபோது சில்லுப் பக்கம் ஒரு கருகல் மணம் வருமே, அது இதுதான். 30 பாகையில் இருக்கிற தண்ணீர் கிட்டத்தட்ட ஏழு லீற்றரைக் கொதிக்கவைக்க இந்த வெப்பம் போதும். பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு தேத்தண்ணி. கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டு மறுபடி அதே வேகத்துக்கு வர, எஞ்சின் டீசலின் சக்தியில் மூன்றிலொரு பங்கைத்தான் பயனாக்கும் என்று எடுத்தால், ஏறக்குறைய 170 மில்லிலீற்றர் டீசல் வேண்டும். தேங்காய்ச் செலவு வேறு.

உந்தமோ வெப்பமாக மாற முடியாது. அதற்குத் திசை இருக்கிறது, வெப்பத்துக்கு இல்லை. ரயர் றோட்டை முன்பக்கமாகத் தள்ளுகிறது. றோட்டு பூமியோடு ஒட்டியிருக்கிறது. பஸ்ஸின் 2 இலட்சம் அலகு உந்தமும் அப்படியே பூமிக்குப் போய்விட்டது. பூமி ஏன் அசையவில்லை என்றால், அதன் திணிவு 6 × 10²⁴ கிலோகிராம். மேலே சொன்ன வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள், பூமிக்குக் கிடைத்த சக்தி ஒரு யூலின் இலட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. உந்தம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சக்தியை அறவே வாங்காத ஆள் பூமி.

பின்னடிப்புக்குத் துப்பாக்கி உதாரணம்தானே சொல்வார்கள்?

நான் எடுப்பதில்லை. இரணைமடுக் குளத்தில் மீன்பிடிக்கிற தோணி போதும்.

200 கிலோகிராம் தோணி கரையோரம் ஆடாமல் நிற்கிறது. 50 கிலோகிராம் பொடியன் ஒருவன் அதன் விளிம்பிலிருந்து செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் கிடையாகப் பாய்கிறான். அவனுக்கு உந்தம் 100. தோணிக்கும் 100, எதிர்ப்பக்கம். ஆகவே தோணி செக்கனுக்கு அரை மீற்றர் பின்னால் போகும். கூட்டினால் பாய முதலும் பூச்சியம், பாய்ந்த பிறகும் பூச்சியம். ஆனால் சக்தி பாய முதல் பூச்சியம். பிறகு பொடியனுக்கு 100 யூல், தோணிக்கு 25 யூல், மொத்தம் 125. அது அவன் கால் தசையிலிருந்து வந்தது. உந்தம் இருவருக்கும் சமபங்கு. சக்தியில் நாலு பங்கு இலேசானவனுக்கு, ஒரு பங்கு தோணிக்கு.

அப்படியென்றால் மொத்த உந்தம் பூச்சியமாக இருந்தும் சக்தி இருக்கலாமா?

இருக்கலாம், இப்போதுதான் பார்த்தோம். உந்தம் காவி, அதற்குத் திசை உண்டு, எதிரும் எதிரும் கழிபடும். சக்தி எண்ணி, திசை இல்லை, கழிபடாது. ஆனால் சக்தி பூச்சியமாக இருந்து உந்தம் இருக்க முடியாது. ஒன்றும் அசையவில்லை என்றால் உந்தம் எங்கிருந்து வரும்?

மோதுகையில் உந்தம் காக்கப்படும், சக்தி காக்கப்படாது என்று எழுதினால் சரியா?

பாதி சரி. வெளிவிசை இல்லாவிட்டால் உந்தம் எந்த மோதுகையிலும் காக்கப்படும். மொத்தச் சக்தியும் காக்கப்படும், ஆனால் இயக்கப்பாட்டுச் சக்தியாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு எழுதித்தான் புள்ளி போகிறது.

பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), மொத்தம் 600 கிலோகிராம், கிளச்சைப் பிடித்தபடி செக்கனுக்கு 3 மீற்றரில் உருண்டுகொண்டிருக்கிறது. வரப்பில் நிற்கிறவர்கள் 200 கிலோகிராம் நெல் மூட்டைகளை நேர் கீழாகப் பெட்டிக்குள் போடுகிறார்கள். உருளும் உராய்வை விட்டுவிடுங்கள். கிடை உந்தம் 1800 இலிருந்து மாறாது, இப்போது திணிவு 800, ஆகவே வேகம் 2.25. கிடை இயக்கத்தின் சக்தி 2700 யூலிலிருந்து 2025 க்கு இறங்கிவிட்டது. 675 யூல் எங்கே? மூட்டை விழுந்ததும் பெட்டியின் பலகையில் கொஞ்சம் பின்னுக்குச் சறுக்கித்தான் அதனோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். சாக்குக்கும் பலகைக்கும் இடையே உரசிய அந்தச் சறுக்கலில் போய்விட்டது. பலகையைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாது, ஆனால் கணக்குக்கு அதுதான் விடை.

போளை அடிக்கும்போது அடித்த போளை நின்று, அடிபட்டது ஓடுகிறதே. இரண்டும் பாதிப் பாதி வேகத்தில் போகக் கூடாதா?

உந்தத்தை மட்டும் கேட்டால் போகலாம். ஒரு போளை 2 அலகு வேகத்தில் வந்து, அதே அளவு போளையை நேருக்கு நேர் அடிக்கிறது. இரண்டும் 1, 1 என்று போனாலும் உந்தம் சரி. 0, 2 என்று போனாலும் சரி. 0.5, 1.5 என்றாலும் சரி. உந்தத்துக்கு எல்லாமே சம்மதம்.

சக்தியைக் கேளுங்கள். திணிவை 1 என்று வைத்தால் முதலில் 2. பாதிப் பாதி போனால் 1. கண்ணாடிப் போளை நசியாது, ஒட்டாது, அதிகம் சூடேறாது. மிச்சப் பாதிக்குப் போக இடமில்லை. 0.5, 1.5 இல் 1.25 தான். உந்தம், சக்தி இரண்டும் ஒருங்கே சரிவருவது 0, 2 இல் மட்டும். இதுதான் பூரண மீள்தன்மை மோதுகை. கண்ணாடிப் போளை அதற்குக் கிட்ட வரும், முற்றாக அல்ல. களிமண் உருண்டை இரண்டை மோதவிட்டால் ஒட்டிக்கொண்டு 1, 1 என்றுதான் போகும். சட்டம் மாறவில்லை. களிமண் நசிந்து மிச்சத்தை வாங்கிக்கொள்கிறது.

பிடியெடுக்கும்போது கையைப் பின்னால் இழுப்பது நேரத்துக்காகவா, தூரத்துக்காகவா?

எப்படிக் கேட்டாலும் ஒரே விசைதான் வரும். 160 கிராம் பந்து செக்கனுக்கு 20 மீற்றர்: உந்தம் 3.2, சக்தி 32 யூல். கையை விறைத்து 2 சென்ரிமீற்றரில் நிறுத்தினால் 32 ÷ 0.02 = 1600 நியூற்றன். கையை 40 சென்ரிமீற்றர் இழுத்தால் 80 நியூற்றன். நேரத்தால் செய்யுங்கள்: சராசரி வேகம் 10, ஆகவே 0.04 செக்கன், 3.2 ÷ 0.04 = 80. தூரம் கூடினால் நேரமும் கூடும். கேள்வியில் எது தந்திருக்கிறதோ அதை எடுங்கள்.

உந்தம் 20 வீதம் கூடினால் சக்தி எத்தனை வீதம் கூடும்?

1.2 × 1.2 = 1.44. 44 வீதம். 40 என்ற விடை தெரிவுகளில் கட்டாயம் இருக்கும், அவசரக்காரருக்காக.

இதில் எது உண்மையான "இயக்கத்தின் அளவு" என்று பெரிய ஆட்களே சண்டை பிடித்தார்களாமே?

பிடித்தார்கள். 17 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட், பருமனையும் கதியையும் பெருக்கி வருவதுதான் உலகில் மாறாமல் இருக்கும் அளவு என்றார். திசையைக் கணக்கில் எடுக்கவில்லை, அதனால் தோணிக் கணக்கே பிழைக்கும். 1686 இல் ஜேர்மன் கணிதவியலாளர் லைப்னிட்ஸ் எழுந்து, இல்லை, கதியின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்றார். அவருடைய வாதம் எளிமையானது: ஒன்றை 4 மடங்கு உயரத்திலிருந்து விழவிட்டால் கதி 2 மடங்குதான் ஆகிறது, ஆனால் மறுபடி 4 மடங்கு உயரம் ஏற அதற்கு வலிமை இருக்கிறது.

ஒல்லாந்தில் கிராவசாண்டே என்பவர் பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டுக் குழியைப் பார்த்தார். குழி வர்க்கத்துக்குச் சாட்சி சொன்னது. பிரான்சில் எமிலி து சாத்தலே 1740 இல் வெளியிட்ட பௌதிகப் புத்தகத்தில் லைப்னிட்ஸின் பக்கம் நின்று இந்தப் பரிசோதனைகளை எடுத்துக்காட்டினார். லைப்னிட்ஸோடு முரண்பட்ட நியூற்றனின் நூலைப் பிரெஞ்சில் பெயர்த்தவரும் அவரே, ஆகவே ஆள் கட்சிக்காரர் அல்ல. முன்னால் ½ போட்டு எழுதும் வழக்கம் 1829 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் கொரியோலிஸோடு நிலைத்தது. அதுவரை வர்க்கம் மட்டும்தான், பாதி இல்லை.

என்னைக் கேட்டால், ஒரு பக்கம் நேரத்தைப் பார்த்தது, மற்றப் பக்கம் தூரத்தைப் பார்த்தது. யானையையும் மோட்டார் சைக்கிளையும் வைத்துப் பேசியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

யூரியூப்பில் வேறு சொற்கள் வருகின்றனவே, எதை எழுதுவது?

நம் பரீட்சைக்கு நம் பாடப்புத்தகச் சொல். தமிழ்நாட்டு வீடியோவில் இயக்க ஆற்றல் என்றால் நம் இயக்கப்பாட்டுச் சக்தி. முடுக்கம் ஆர்முடுகல். திறன் வலு. திசைவேகம் நம் வேகம், அவர்கள் வேகம் என்பது நம் கதி. உந்தம் இரண்டு பக்கமும் உந்தம்தான், நல்ல காலம். கவனிக்க வேண்டியது நிறை: அங்கே அது நம் திணிவு, இங்கே அது புவி இழுக்கும் விசை. இந்த ஒரு சொல்லால் பத்து மடங்கு பிழைத்த விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன்.

வீட்டில் செய்து பார்க்க ஏதும் உண்டா?

நடுவில் பள்ளம் உள்ள 30 சென்ரிமீற்றர் அடிமட்டம், ஒரு போளை, வெறும் யோகட் கப், அப்பியாசக் கொப்பிகள் நாலைந்து. அடிமட்டத்தின் 30 பக்கத்தைக் கொப்பிகளின்மேல் வையுங்கள், பூச்சியப் பக்கம் தரையில். கப்பின் விளிம்பில் போளை நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டி, கவிழ்த்து அடிமட்டத்தின் அடியில் வையுங்கள். போளையை 6 இல் விடுங்கள். கப்புக்குள் புகுந்து அதைத் தள்ளிக்கொண்டு போகும், நின்ற இடத்தைக் குறியுங்கள். பிறகு 24 இல் விடுங்கள். உயரம் நாலு மடங்கு, ஆகவே வேகம் இரண்டு மடங்கு, உந்தம் இரண்டு மடங்கு. கப் போகும் தூரம் இரண்டு மடங்கா நாலு மடங்கா?

சிமெந்துத் தரையின் சொரசொரப்பால் சரியாக நாலு வராது, ஆனால் இரண்டுக்குக் கிட்டவும் நிற்காது. போன கிழமை வகுப்பில் செய்தபோது 24 இல் விட்ட போளை கப்பையும் தள்ளிக்கொண்டு நான் போட்ட சோக்குக் கோட்டைத் தாண்டி முன்வாங்கின் காலடியில் போய் நின்றது. குனிந்து அளப்பதற்குள் ஒரு பொடியன் போளையைக் கையில் எடுத்துவிட்டான். "சேர், 30 இல விட்டுப் பாப்பம்."